உளப்பாட்டுப் பன்மை

மட்டக்களப்பில் மலையேறிப் பழகுவதென்றால்
கல்லடிப் பாலம்தான் இருக்கிறது.
பத்துக் கிலோ சம்பா அரிசியை முதுகில் கட்டி
விடிய நாலரைக்கு
அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஆறு முறை.
இறாலுக்கு வலை வீசுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.
"ஆசுபத்திரியில வேலை செய்யிற புள்ளதானேகா,
அரிசி மூட்டையோட எங்க ஓடுது?"

சொன்னால் சிரிப்பார்கள்.
கடல் வர முடியாத இடம் ஒன்றைப்
படத்தில் கண்டிருந்தேன்.
பெரு நாடு. ஐயாயிரத்து இருநூறு மீற்றர்.
திராய்மடுவில் எங்களுக்கு வீடு தந்தவர்களுக்கு
அவ்வளவு உயரம் தோன்றவில்லை.

மூன்று வருட இரவு வேலை. ஒரு சீட்டுக் காசு.
அம்மாவின் முகத்தைப் பாராமல் ஒரு விமானம்.

கோவேறு கழுதைக்காரரின் பெயர் எலாடியோ.
ரயரில் வெட்டிய செருப்போடு பனியில் நடந்தார்.
விடிந்ததும் மூன்று கொக்கா இலைகளை
விசிறி போல விரலிடுக்கில் பிடித்து
சிகரம் சிகரமாகப் பெயர் சொல்லி ஊதுவார்.
ஊதிய பிறகு மெல்லுவார்.
வெற்றிலை தெரிந்த ஊர்க்காரி நான்,
சுண்ணாம்பு உண்டா என்று கையால் கேட்டேன்.
உண்டு, சாம்பல் கட்டியாக.

கணவாயில் ஒரு கற்குவியல்.
ஆளுக்கொரு கல்லைக் கீழேயிருந்து சுமந்து வந்து
களைப்போடு சேர்த்து வைத்துவிட்டுப் போகவேண்டும்.
நாங்கள் மணல்காரர், கல்லுக்கு எங்கே போக?
நாவலடி மட்டி ஒன்றைக்
காலுறைக்குள் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.
தம்பி மிதுலன் நின்ற இடமென்று
அம்மா காட்டும் இடத்தில் பொறுக்கியது.
அவனுக்கு அப்போது ஏழு வயது.
வேறொன்றுமில்லை,
கடலின் பொருள் ஒன்றை
அது திரும்ப எடுக்க முடியாத உயரத்தில்
விட்டுவிட்டு வர நினைத்தேன்.

எலாடியோ வைக்க விடவில்லை.
தொப்பியைக் கழற்றி
இரண்டு கையாலும் வாங்கினார்.
மாமக்கோச்சா, என்றார்.
எனக்கு மாமா என்றுதான் கேட்டது.
அவர் மொழியில் மாமா என்றால் தாயாம்.
கடல் தாய். மட்டி அவள் பெற்ற பிள்ளை.
மழைக்காக மலைக்கு மட்டி கொடுப்பது பழைய வழக்கமாம்.
மலை தன் வெள்ளையைக் களைந்துகொண்டிருக்கிறது,
புல் இல்லை, அல்பாக்காவின் வயிற்றில் குட்டி தங்குவதில்லை,
தண்ணீர் அனுப்பு என்று
கடலிடம் கேட்கப் போகிறார்.

எங்களுக்குக் கேட்காமலே வந்தது, என்று
தமிழில் கத்தினேன்.
அதற்கு மேல் மூச்சு இல்லை. குந்தினேன்.
குந்திய பாறையில்
நகம் அளவு,
வரிவரியாய்,
மட்டி.
கல்லாய்ப் போனது.

எலாடியோ அதைத் தடவி ஏதோ சொன்னார்.
வழிகாட்டிப் பெண் மொழிபெயர்க்கத் திணறினாள்.
'நமது தாய் என்கிறார். ஆனால்
இவர்களுக்கு இரண்டு விதமான நாம்.
கேட்கிறவரைச் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று.
உங்களுக்கு விளங்காது.'

எனக்கா விளங்காது?
ஒன்பதாம் ஆண்டில்
உளப்பாட்டுத் தன்மைப் பன்மையைப் பிழையாக எழுதி
முழங்காலில் நின்றவள்.
ஞோகான்ச்சிக், நாம்.
ஞோகாய்க்கு, நாங்கள்.
ஊர்ப் பேச்சில் எப்போதோ உதிர்ந்துவிட்டது அந்த நாம்.
எங்கட காணி, எங்கட ஆக்கள்,
எல்லாம் எங்கட.

மட்டியை அவர் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.
நான் கற்குவியலில் எதையும் வைக்காமல் இறங்கினேன்.

வந்து பதினொரு நாள்.
குளிரா என்று மட்டும் அம்மா கேட்டாள்.
இன்று விடிய, முதுகில் அரிசி இல்லாமல்
பாலத்தைத் தாண்டி நாவலடி வரை போனேன்.
கால் நனையாத தூரத்தில் நின்று
கடலையும் சேர்த்து
நாம் என்று சொல்லிப் பார்த்தேன்.
நாங்கள் என்றுதான் வந்தது.
இன்னொரு தடவையும் நாங்கள்.

இன்றிரவு வேலை.
நாளை மறுநாள் விடிய வருவேன்.